அறுபத்திரண்டு சதவீதம்

சோலூர்மட்டம் போகிற வழியில், நான்காவது வளைவில்,
அறுபத்திரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தபோதே
செத்தது வண்டி.
முனகல் இல்லை, திணறல் இல்லை.
பேசிக்கொண்டிருந்தவரின் பாதி வார்த்தையில்
போன் கட்டானதுபோல.
சக்கரம் மட்டும் பழைய பழக்கத்தில்
பத்தடி உருண்டு
ஒரு சவுக்கு மரத்தடியில் நின்றது.

சாவியைத் திருப்பினேன். அணைத்தேன்.
பத்து வரை எண்ணித் திருப்பினேன்.
ஹாரன் இல்லை. விளக்கு இல்லை.
ஸ்டாண்டை மடக்கி, விரித்து, மடக்கி.
ஸ்டாண்டுக்குக் கோபமென்றால்
மோட்டார்தான் பேசாது, திரையாவது எரியும்.
இது மொத்த வீடும் இருட்டு.

ஊரார் வீட்டுக் கரண்டைக் கணக்கெடுக்கிறவள் நான்.
தோளில் ஈபி பை, கையில் ரீடிங் கருவி,
வண்டியில் ஒரு பொட்டு மின்சாரமில்லை.
சிரிக்க ஆளில்லாததால் நானே சிரித்துக்கொண்டேன்.
தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை
நிமிர்ந்து பார்த்துவிட்டு
மறுபடி புல்லுக்குக் குனிந்தது.

பச்சை இலை ஏற்றிவந்த ஆல்துரை
வேனை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னார்:
"பேட்டரி போச்சும்மா. நாப்பதாயிரம்."
மூடுபனி வேனை விழுங்கின பிறகும்
நாற்பதாயிரம் மட்டும் ரோட்டில் நின்றது.

பையில் மல்டிமீட்டர் இருந்தது.
என் வேலைக்கு அது தேவையில்லை.
எண்ணைப் பார்த்து எழுதினால் போதும்,
ஒயரைத் தொடக் கூடாது.
போன தீபாவளி போனஸில் வாங்கினேன், ஆசைக்கு.
சீட்டைத் தூக்கி
சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு வைத்தால்
ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு வோல்ட்.
பேட்டரி சாகவில்லை, ஆல்துரை.
வயிறு நிறையச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறது.

பியூஸ் பீப் என்றது, நல்லது.
டிரிப் சுவிட்ச் மேலேதான் இருந்தது.
மரியாதைக்கு ஒருமுறை இறக்கி ஏற்றினேன்.
கன்ட்ரோலர் வாசலில் முனைகளை வைத்தேன்:
பூஜ்யம்.
இங்கே ஐம்பத்திரண்டு, அங்கே பூஜ்யம்.
நடுவில் இரண்டு முழ ஒயர்.

டிரிப்பை இறக்கிவிட்டு
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
மட்கார்டு வளைவில் ஒரு வெள்ளை பிளக்.
கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது.
ஒரு கால் கருகி, அரை மனதாய்த்
தொட்டும் தொடாமலும்.
ஞாயிற்றுக்கிழமை நான்தான்
நூறு ரூபாய் கொடுத்து
வாட்டர் சர்வீஸ் விட்டேன்.

உப்புத்தாள் இல்லை.
மெழுகுவர்த்தியோடு பையில் கிடந்த தீப்பெட்டி
(ஈபி ஆள் பையில் மெழுகுவர்த்தி, யாரிடமும் சொல்லாதீர்கள்)
அதன் உரசும் பக்கத்தால் மெல்லத் தேய்த்தேன்.
குத்துக்காலிட்டுத் தேய்க்கத் தேய்க்க
ஞாபகம் வந்தது
மூன்றாம் லைன், பிலோமினா வீடு.

போன முறை பூஜ்யம்.
அதற்கு முந்தின முறையும் பூஜ்யம்.
ஆளில்லை என்று குறித்தேன்.
கொடியில் பள்ளிக்கூடச் சட்டை காய்ந்ததையும்
தகரக் கூரை இடுக்கில் புகை கசிந்ததையும்
பார்த்துவிட்டுத்தான் குறித்தேன்.
அன்றைக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி.
இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங்,
இரண்டு ரீடிங்குக்கு நான்கு மாதம்.

கருகின காலை ஹேர்பின்னால் நெருக்கி,
ஊதி, துடைத்து,
பிளக்கை அழுத்தினேன். டக்.
டிரிப் மேலே. சாவி.
அறுபத்திரண்டு.
இவ்வளவு நேரமும்
அது அறுபத்திரண்டாகவேதான் இருந்திருக்கிறது.

சோலூர்மட்டத்துக்கு நேரே போகணும்.
இடது பக்கம் லைன் வீடுகளுக்கான மண்பாதையில் இறக்கினேன்.
கதவைத் தட்டி என்ன கேட்பதென்று
ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்:
கணக்கெடுக்க வரலீங்க,
உங்க வீட்ல லைட்டு எரியுதா?

ஒவ்வொரு கல்லிலும் வண்டி குலுங்க
திரை ஒருமுறை கண் சிமிட்டியது.
திரும்பும்போது கறுப்பு டேப் வாங்கணும்,
இரண்டு சுருள்.